இனிப்பு வேறு, சர்க்கரை வேறு: செயற்கை இனிப்பூட்டிகள் பற்றி ஓர் அறிமுகம்

சர்க்கரைக்கு மாற்றாக விற்கப்படும் சிறு பொட்டலம் ஒன்றைப் பிரித்து, ஒரு தாளின் மீது கொட்டிப் பாருங்கள். ஏறத்தாழ ஒரு கிராம் எடையுள்ள வெண்பொடி சிறு குவியலாக விழும். அது சுக்ரலோஸ் கலந்த பொட்டலம் என்றால், இனிப்பைத் தரும் பொருள் அந்தக் குவியலில் சுமார் 12 மில்லிகிராம் மட்டுமே இருக்கும். மீதியெல்லாம் டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் போன்ற நிரப்புப் பொருள்கள். அந்த 12 மில்லிகிராமைத் தனியே பிரித்தால் விரல் நுனியில் ஒட்டிக்கொள்ளும் தூசி போலத்தான் தெரியும், அதைக் கையால் அளந்து ஒரு கோப்பையில் போட யாராலும் முடியாது. அளப்பதற்கு வசதியாகத்தான் நிரப்புப் பொருளைச் சேர்க்கிறார்கள். இருந்தும் அந்தத் துளி அளவுதான் ஏறத்தாழ இரண்டு தேக்கரண்டிச் சர்க்கரையின் இனிப்பைத் தருகிறது.

இந்தக் காட்சியிலிருந்தே தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். சர்க்கரை என்பது ஒரு பொருள். இனிப்பு என்பது நம் நாக்கும் மூளையும் சேர்ந்து உணரும் ஒரு சுவை. பிறந்தது முதல் இரண்டையும் சேர்த்தே அறிந்திருப்பதால் இரண்டும் ஒன்றே என்று எண்ணிப் பழகிவிட்டோம். செயற்கை இனிப்பூட்டிகள் இந்த இரண்டையும் பிரித்து, சுவையை மட்டும் தருகின்றன. அவற்றின் நன்மைகளும் போதாமைகளும் பெரும்பாலும் இந்தப் பிரிவினையிலிருந்தே பிறக்கின்றன.

நாக்கிலுள்ள சுவை மொட்டுகளின் செல்களில் இனிப்பை உணர்வதற்கென்றே ஒரு புரத ஏற்பி இருக்கிறது. இரண்டு புரதங்கள் இணைந்து அமைந்த அந்த ஏற்பியை அறிவியலாளர்கள் 2001-ஆம் ஆண்டு வாக்கில் அடையாளம் கண்டார்கள். சர்க்கரை மூலக்கூறு அதில் வந்து பொருந்தும்போது செல் தூண்டப்பட்டு, நரம்பு வழியாக மூளைக்குச் செய்தி போகிறது. வந்தது சர்க்கரைதானா என்று அந்த ஏற்பி சோதிப்பதில்லை. பொருந்தும் வடிவம் கொண்ட எந்த மூலக்கூறு வந்தாலும் செய்தியை அனுப்பிவிடும். சர்க்கரை அந்த ஏற்பியில் தளர்வாகவே ஒட்டுவதால் அதை நிறையப் போட்டால்தான் இனிப்பு தெரிகிறது. சில மூலக்கூறுகள் அதைவிட இறுக்கமாகப் பற்றிக்கொள்வதால் மிகக் குறைந்த அளவே போதுமானதாகிறது. பூனை இனத்தில் இந்த ஏற்பிக்குரிய மரபணுக்களில் ஒன்று செயலிழந்துவிட்டதால் பூனைகளுக்கு இனிப்புச் சுவையே தெரியாது. இனிப்பு என்பது பொருளுக்குள் இருக்கும் குணமல்ல, சுவைப்பவருக்கும் பொருளுக்கும் இடையே நிகழும் ஒன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

அஸ்பார்டேம் என்ற செயற்கை இனிப்பூட்டி சர்க்கரையைவிட 200 மடங்கு இனிப்பானது என்று படித்தவுடன், வாயில் போட்டால் தாங்க முடியாத தித்திப்பாக இருக்கும் என்று பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். அந்த எண்ணின் பொருள் அதுவல்ல. குறிப்பிட்ட செறிவுள்ள சர்க்கரைக் கரைசலின் இனிப்புக்கு ஈடாக வேண்டுமென்றால் அஸ்பார்டேமை எவ்வளவு குறைவாகக் கரைத்தால் போதும் என்று, பயிற்சி பெற்ற சுவைஞர்களைக் கொண்டு ஒப்பிட்டுக் கணக்கிட்ட விகிதம் அது. அந்தக் கணக்கில் அசிசல்ஃபேம் பொட்டாசியமும் ஏறத்தாழ 200 மடங்கு, சாக்கரின் 300 முதல் 400 மடங்கு, சுக்ரலோஸ் சுமார் 600 மடங்கு, நியோடேம் 7,000 மடங்குக்கும் மேல் என்று வருகின்றன.

இவற்றுள் பல, யாரும் தேடாமல் கிடைத்தவை. 1879-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஐரா ரெம்சன் என்பவரின் ஆய்வகத்தில் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்த கான்ஸ்டன்டின் ஃபால்பெர்க், ஒரு நாள் மாலை கையைச் சரியாகக் கழுவாமல் உணவுக்கு அமர்ந்தார். கடித்த ரொட்டி வழக்கத்துக்கு மாறாக இனித்தது. இனிப்பு ரொட்டியில் இல்லை, தன் விரல்களில்தான் இருக்கிறது என்று உணர்ந்தவர் ஆய்வகத்துக்குத் திரும்பி, அன்று கையாண்ட பொருள்களையெல்லாம் சுவைத்துப் பார்த்து, இனிப்பின் மூலத்தைக் கண்டுபிடித்தார். அதுதான் சாக்கரின். இன்றைய ஆய்வகங்களில் எந்தப் பொருளையும் நாவால் தொடக் கூடாது என்பது முதல் விதி. அந்த விதியை மீறியதால் கிடைத்தவை ஒன்றிரண்டல்ல. 1937-இல் மைக்கேல் ஸ்வேடா, மேசை மேல் வைத்திருந்த சிகரெட்டை மீண்டும் வாயில் வைத்தபோது இனிக்கவே, சைக்ளமேட் கிடைத்தது. 1965-இல் குடற்புண் மருந்து ஒன்றுக்கான ஆராய்ச்சியில் இருந்த ஜேம்ஸ் ஷ்லாட்டர், தாளை எடுக்க விரலை நாவில் தொட்டபோது அஸ்பார்டேம் தெரியவந்தது. சுக்ரலோஸின் கதை இன்னும் வியப்பானது. 1976-இல் லண்டனில் சர்க்கரையுடன் குளோரின் சேர்த்து உருவாக்கிய சேர்மங்களை ஆராய்ந்துகொண்டிருந்தபோது, ஒன்றைச் சோதிக்கும்படி மூத்த ஆய்வாளர் சொன்ன ஆங்கிலச் சொல், சசிகாந்த் ஃபட்னிஸ் என்ற இளம் ஆய்வாளரின் காதில் சுவைக்கும்படி சொன்னதாக விழுந்தது. அவரும் சுவைத்துப் பார்த்துவிட்டார்.

தாவரத்திலிருந்து கிடைக்கும் ஸ்டீவியா இந்தக் கூட்டத்தில் சற்று வேறுபட்டது. பராகுவே பகுதியின் குவாரனி மக்கள் அதன் இலையை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தார்கள். இன்று பொட்டலங்களில் வருவது இலையல்ல, இலையிலிருந்து பிரித்துத் தூய்மைப்படுத்திய கிளைகோசைடுகள் என்னும் இனிப்புச் சேர்மங்கள். தாவரத்திலிருந்து வந்தது என்பதாலேயே ஒன்று பாதுகாப்பானது என்றோ, ஆய்வகத்தில் உருவானது என்பதாலேயே ஒன்று நஞ்சு என்றோ முடிவு செய்வது சரியல்ல. ஒவ்வொன்றும் அதனதன் வேதியியலையும் உட்கொள்ளும் அளவையும் வைத்தே எடைபோடத் தக்கது.

உடலுக்குள் போன பிறகு என்ன ஆகிறது என்று பார்த்தால், இவை ஒரே வகைப் பொருள்கள் அல்ல என்பது புலப்படும். சாக்கரினும் அசிசல்ஃபேமும் குடலில் உறிஞ்சப்பட்டு, எந்த மாற்றமும் அடையாமல் சிறுநீரில் வெளியேறிவிடுகின்றன. சுக்ரலோஸின் பெரும்பகுதி உறிஞ்சப்படாமலேயே மலத்துடன் போய்விடுகிறது. அஸ்பார்டேமோ முழுமையாகச் செரிக்கிறது. அது இரண்டு அமினோ அமிலங்களும் சிறிது மெத்தனாலும் இணைந்த சேர்மம் என்பதால், குடலில் அந்த மூன்றாகவும் உடைகிறது. மெத்தனால் என்ற சொல்லைக் கேட்டுப் பலர் அஞ்சுவதுண்டு. ஒரு குவளை தக்காளிச் சாற்றிலிருந்து உடலுக்குக் கிடைக்கும் மெத்தனால், அதே அளவு அஸ்பார்டேம் பானத்திலிருந்து கிடைப்பதைவிட அதிகம். கலோரியும் அப்படித்தான்: ஒரு கிராம் அஸ்பார்டேம், ஒரு கிராம் சர்க்கரையைப் போலவே சுமார் 4 கலோரி தரும். ஆனால் 330 மில்லிலிட்டர் குளிர்பானம் ஒன்றில் 35 கிராம் சர்க்கரை, அதாவது 140 கலோரி, இருக்கும் இடத்தில் அஸ்பார்டேம் ஒரு கிராமில் கால் பங்கு அளவுக்கே தேவைப்படுவதால் கலோரி கணக்கில் வராமல் போகிறது.

இனி சமையலறைக்கு வருவோம், ஏனெனில் சர்க்கரை வேறு, இனிப்பு வேறு என்பது அங்கேதான் கண்ணெதிரே தெரிகிறது. 200 கிராம் சர்க்கரை கேட்கும் கேக்கில் அதற்கு ஈடான சுக்ரலோஸைப் போடுங்கள். மூன்றில் ஒரு கிராம்தான் வரும். இனிப்பு சரியாக இருக்கும், கேக் சரியாக இருக்காது. சர்க்கரை அந்த மாவில் பருமனாக இருந்தது; வெண்ணெயோடு சேர்த்து அடிக்கும்போது காற்றைப் பிடித்து வைத்தது; ஈரத்தை இழுத்துக்கொண்டு கேக்கை மென்மையாக வைத்தது; அடுப்பின் சூட்டில் பழுப்பேறி நிறமும் மணமும் கொடுத்தது. இவற்றில் எதையும் சுக்ரலோஸ் செய்யாது என்பதால் கேக் தட்டையாக, வெளிறி, விரைவில் உலர்ந்துபோகும். ஐஸ்கிரீமில் சர்க்கரை உறைநிலையைத் தாழ்த்தி அதைக் கரண்டியால் அள்ளும் பதத்தில் வைக்கிறது. அதை எடுத்துவிட்டால் கல்லாக இறுகிவிடும். பழப்பாகில் சர்க்கரை நீரைப் பிடித்துக்கொண்டு நுண்ணுயிர் வளராமல் காக்கிறது. அது இல்லாத பழப்பாகைக் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தீர்க்க வேண்டும். அஸ்பார்டேமுக்குக் கூடுதலாக ஒரு குறை உண்டு: சூட்டில் அது சிதைந்து இனிப்பை இழக்கிறது. ஆகவே கொதிக்கும் பண்டங்களிலும் சூளையில் வேகும் பண்டங்களிலும் அதைப் பயன்படுத்துவதில் பலனில்லை.

குளிர்பானத்தில் சர்க்கரைக்கு இவ்வளவு வேலைகள் இல்லை; இனிப்பும் சிறிது அடர்த்தியும் தந்தால் போதும். செயற்கை இனிப்பூட்டிகள் மிக எளிதாக இடம்பிடித்தது பானங்களில்தான் என்பதற்குக் காரணம் இதுவே. அங்கும் ஒரே இனிப்பூட்டியைத் தனியாகப் பயன்படுத்துவது குறைவு. அசிசல்ஃபேமின் இனிப்பு சட்டென்று எழுந்து சட்டென்று அடங்கும். அஸ்பார்டேமின் இனிப்பு சற்றுத் தாமதமாக வந்து நீடிக்கும். இரண்டையும் கலந்தால் ஒன்றின் குறையை மற்றொன்று மறைப்பதோடு, தனித்தனியே தருவதைவிடக் கூடுதலான இனிப்பும் கிடைக்கிறது. சாக்கரினும் அசிசல்ஃபேமும் நாக்கின் சில கசப்பு ஏற்பிகளையும் தூண்டுகின்றன. அந்த ஏற்பிகளின் மரபணு ஆளுக்கு ஆள் மாறுபடுவதால்தான் ஒருவர் குறையே இல்லாமல் குடிக்கும் பானத்தை இன்னொருவர் கசக்கிறது என்று ஒதுக்குகிறார். இருவர் சொல்வதும் உண்மையே.

சர்பிட்டால், சைலிட்டால், மால்டிட்டால், எரித்ரிட்டால் ஆகியவை சர்க்கரை ஆல்கஹால்கள் என்னும் தனிக் குடும்பம். பெயரில் ஆல்கஹால் இருந்தாலும் போதை தருவன அல்ல. பருமன் தரக்கூடியவை என்பதால் சர்க்கரை இல்லாத மிட்டாய், சூயிங்கம், சாக்லேட் ஆகியவற்றில் இவைதான் பெரும்பாலும் இருக்கும். கலோரி சர்க்கரையைவிடக் குறைவே தவிர, எரித்ரிட்டாலைத் தவிர்த்துப் பிறவற்றில் அறவே இல்லாமல் இல்லை. அந்தப் பிறவை முழுமையாக உறிஞ்சப்படாமல் பெருங்குடலை எட்டுவதால், அதிகம் தின்றால் வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். வீட்டில் நாய் வளர்ப்பவர்கள் ஒன்றை அவசியம் நினைவில் வைக்க வேண்டும்: மனிதருக்குத் தீங்கில்லாத சைலிட்டால், நாய்க்குச் சிறிய அளவிலேயே இரத்தச் சர்க்கரையை ஆபத்தான மட்டத்துக்குத் தாழ்த்திவிடும், கல்லீரலையும் பாதிக்கும்.

பாதுகாப்பு பற்றிய அச்சத்துக்கு நீண்ட வரலாறு இருக்கிறது. 1970-களில் மிக அதிக அளவு சாக்கரின் ஊட்டப்பட்ட எலிகளுக்குச் சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்ததைத் தொடர்ந்து, 1977-இல் அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் அதைத் தடை செய்ய முற்பட்டது. மக்களிடம் எழுந்த எதிர்ப்பால் நாடாளுமன்றம் தடையை நிறுத்திவைத்து, எச்சரிக்கை வாசகம் அச்சிட வேண்டும் என்று மட்டும் விதித்தது. எலிகளுக்கு அது ஏன் நேர்ந்தது என்பதைப் பின்னர் வந்த ஆய்வுகள் விளக்கின. எலியின் சிறுநீரில் புரதமும் கால்சியம் பாஸ்பேட்டும் மிகுதி. பெரிய அளவு சாக்கரின் அதில் சேரும்போது நுண்ணிய படிகங்கள் உண்டாகி, சிறுநீர்ப்பையின் உட்சுவரை உராய்ந்து புண்ணாக்குகின்றன. அந்தச் சுவர் திரும்பத் திரும்ப வளர்ந்து மூடும் போக்கில் கட்டிகள் தோன்றுகின்றன. மனிதரின் சிறுநீரில் அத்தகைய சூழல் இல்லை. 2000-இல் சாக்கரின் புற்றுநோய்க் காரணிகளின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டு, எச்சரிக்கை வாசகமும் கைவிடப்பட்டது. ஆனால் அச்சத்தைப் பரப்பிய செய்தி சென்றடைந்த தூரத்தை அந்த விளக்கம் இன்றுவரை எட்டவில்லை என்பது என் வருத்தம்.

2023 ஜூலையில் அஸ்பார்டேம் பற்றி வந்த செய்தியும் இதேபோன்ற குழப்பத்தை உண்டாக்கியது. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை, அஸ்பார்டேமை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2பி பிரிவில் சேர்த்தது. கிடைத்துள்ள சான்று வலுவற்றது, ஆயினும் புறக்கணிக்கத் தக்கதல்ல என்பதே அந்தப் பிரிவின் பொருள். கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பிரிவில்தான் இருக்கிறது. ஒரு பொருளால் தீங்கு நேர எந்த வகையிலேனும் வாய்ப்பு உண்டா என்பதையே இந்த முகமை பார்க்கிறது. எவ்வளவு உட்கொண்டால் நேரும் என்பதை அது கணக்கிடுவதில்லை. அதைக் கணக்கிடுவது உணவுச் சேர்க்கைப் பொருள்களுக்கான கூட்டு நிபுணர் குழு. அதே நாளில் அந்தக் குழு, ஒருவர் தன் உடல் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 40 மில்லிகிராம் வரை வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளலாம் என்ற பழைய வரம்பை மாற்ற வேண்டியதில்லை என்று அறிவித்தது. விலங்குகளுக்கு எந்தத் தீங்கும் காட்டாத அளவை நூறால் வகுத்து வைத்த வரம்பு அது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 2,400 மில்லிகிராம் என்று வருகிறது. ஒரு குளிர்பானக் குவளையில் 200 முதல் 300 மில்லிகிராம் இருப்பதாகக் கொண்டால், நாள்தோறும் எட்டு முதல் பன்னிரண்டு குவளைகள் குடித்தால்தான் அந்த எல்லையைத் தொட முடியும். குழந்தைகளின் எடை குறைவு என்பதால் அவர்களுக்கு இந்த எண்ணிக்கையும் அதே விகிதத்தில் சுருங்கும் என்பதைப் பெற்றோர் கவனிக்க வேண்டும்.

அஸ்பார்டேமை அறவே தவிர்க்க வேண்டியவர்களும் உண்டு. ஃபீனைல்கீட்டோனூரியா என்ற பிறவிக் குறைபாடு உள்ளவர்களின் உடலால் ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சரிவரக் கையாள முடியாது. அது இரத்தத்தில் சேர்ந்து மூளையைப் பாதிக்கும். அஸ்பார்டேம் உடையும்போது வரும் இரண்டு அமினோ அமிலங்களில் ஒன்று அதுவே. 'ஃபீனைல்அலனின் உள்ளது' என்று புட்டிகளின் மேல் சிறு எழுத்தில் அச்சிட்டிருப்பது அவர்களுக்காகத்தான். மற்றவர்கள் அந்த வரியைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

பாதுகாப்பைவிட எனக்கு முக்கியமாகத் தோன்றும் கேள்வி, இவை உண்மையில் பயன் தருகின்றனவா என்பது. 2023 மே மாதத்தில் உலக சுகாதார நிறுவனம், உடல் எடையைக் கட்டுப்படுத்தும் வழியாகச் சர்க்கரையற்ற இனிப்பூட்டிகளைப் பயன்படுத்த வேண்டாம் என்று பரிந்துரைத்தது. அதன் பின்னணியில் இருந்த சான்றுகள் இரு வேறு திசைகளைக் காட்டின. சில மாதங்கள் நடந்த கட்டுப்பாட்டுச் சோதனைகளில், இவற்றைப் பயன்படுத்தியோரின் எடை சராசரியாக முக்கால் கிலோ அளவுக்குக் குறைந்தது. பல ஆண்டுகள் மக்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளிலோ, இவற்றைப் பயன்படுத்துவோரிடையே உடற்பருமனும் இரண்டாம் வகை நீரிழிவும் இதய நோயும் கூடுதலாகக் காணப்பட்டன. இதில் எது காரணம், எது விளைவு என்று பிரிப்பது கடினம், ஏனென்றால் எடை ஏறுகிறதே என்று கவலைப்படுபவர்கள்தான் முதலில் இனிப்பூட்டிக்கு மாறுகிறார்கள். இந்த ஐயம் இருப்பதால்தான் நிறுவனம் தன் பரிந்துரையை நிபந்தனைக்குட்பட்டது என்று குறிப்பிட்டது. ஏற்கெனவே நீரிழிவு உள்ளவர்களுக்கு அது பொருந்தாது என்றும் சொன்னது.

நீரிழிவு உள்ளவர்களுக்கு இனிப்பூட்டியின் உடனடிப் பயன் தெளிவானது: சர்க்கரை போட்ட பானத்தைக் குடித்தவுடன் இரத்தச் சர்க்கரை ஏறுவது போல இதனால் ஏறுவதில்லை. ஆயினும் நீண்டகாலக் கேள்வி ஒன்று திறந்தே இருக்கிறது. 2022-இல் இஸ்ரேலைச் சேர்ந்த ஆய்வாளர்கள், வழக்கமாக இனிப்பூட்டி உட்கொள்ளாத 120 பேருக்கு இரண்டு வாரம் வெவ்வேறு இனிப்பூட்டிகளைக் கொடுத்துப் பார்த்தபோது, சாக்கரினும் சுக்ரலோஸும் குளுக்கோஸைக் கையாளும் திறனை மாற்றின. குடல் நுண்ணுயிர்களில் ஏற்பட்ட மாற்றம் அதற்குக் காரணமாகக் காட்டப்பட்டது. விளைவு எல்லோரிடமும் ஒரேபோல் இல்லை. உடலுக்குள் எந்தத் தடயமும் இல்லாமல் கடந்துபோகும் பொருள்கள் இவை என்ற பழைய எண்ணத்தை அந்த ஆய்வு அசைத்துவிட்டது என்ற அளவில் அதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

கடையில் பொருள் வாங்கும்போது இரண்டு வாசகங்களைப் பிரித்தறிவது உதவும். 'சர்க்கரை சேர்க்கப்படவில்லை' என்றால் தயாரிப்பவர் தனியாகச் சர்க்கரை போடவில்லை என்று மட்டுமே பொருள். பழச்சாற்றில் இயல்பாகவே உள்ள சர்க்கரை முழுவதும் அதில் இருக்கும். 'சர்க்கரை அற்றது' என்றால் சர்க்கரை இல்லை அல்லது மிக மிகக் குறைவு, ஆனால் மாவுச்சத்தும் கொழுப்பும் அதன் வழியே வரும் கலோரியும் இருக்கத் தடையில்லை. சர்க்கரை அற்ற பிஸ்கட் பெரும்பாலும் அந்த வகைதான். சேர்மானப் பட்டியலில் பெயருக்குப் பதிலாக எண் இருந்தால், 950 அசிசல்ஃபேம் பொட்டாசியம், 951 அஸ்பார்டேம், 954 சாக்கரின், 955 சுக்ரலோஸ், 960 ஸ்டீவியா, 968 எரித்ரிட்டால் என்று கொள்ளலாம். சர்க்கரை இல்லை என்பதால் குளிர்பானம் பல்லுக்கு முற்றிலும் தீங்கற்றதாகிவிடாது. சொத்தைக்குக் காரணமான பாக்டீரியாவுக்கு உணவு கிடைக்காதே தவிர, பானத்திலுள்ள அமிலம் பல்லின் மேற்பூச்சை அரிக்கவே செய்யும்.

நாள்தோறும் மூன்று நான்கு சர்க்கரைப் பானங்கள் குடித்து வந்தவர் இனிப்பூட்டிப் பானத்துக்கு மாறினால், அவர் உடலுக்குள் போகும் சர்க்கரை நூறு கிராமுக்கு மேல் ஒரே நாளில் குறைந்துவிடும். அவருக்கு அது உண்மையான நன்மை. தேநீரில் ஒரு தேக்கரண்டி சர்க்கரை போடுபவருக்கோ மாற்றுப் பொருள் தேவையே இல்லை என்பது என் கருத்து. அந்தக் கரண்டியைச் சிறிது சிறிதாக, வாரத்துக்குக் கால் பங்கு என்று குறைத்துக்கொண்டே வந்தால், முன்பு சப்பென்று தோன்றிய தேநீர் ஒரு மாதத்துக்குள் பழகிவிடுகிறது. பழைய அளவில் யாராவது போட்டுக் கொடுத்தால் அதுதான் திகட்டுகிறது.